‘எ ஃபீஸ்ட் ஃபார் ஓடின்’: முதல் ஆட்டத்தில் திணறாமல் இருக்க ஒரு வழிகாட்டி

வடஐரோப்பாவின் பழைய கடலோடிகளான வைக்கிங்குகளை வைத்து வந்த போர்டு கேம்களில் பெரும்பாலானவை கோடாலி, ரத்தம், நாடு பிடிப்பது என்று போகும். உவே ரோஸன்பெர்க் வடிவமைத்து 2016ல் வெளிவந்த ‘எ ஃபீஸ்ட் ஃபார் ஓடின்’ அந்த ரகம் இல்லை. இதில் நீங்கள் பட்டாணி விளைவிப்பீர்கள், ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பீர்கள், திமிங்கிலம் வேட்டையாடுவீர்கள், எல்லாவற்றையும் கொண்டுவந்து உங்கள் பலகையில் இடைவெளியில்லாமல் அடுக்குவீர்கள். விதிகளில் தனித்தனியாக எதுவும் கடினமில்லை, ஆனால் எண்ணிக்கை அதிகம். முதல் ஆட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தவறான வியூகம் அல்ல. எந்தப் படிக்குப் பின் எந்தப் படி வருகிறது, எந்தச் சரக்கை எங்கே வைக்கலாம் என்ற இரண்டில் ஏற்படும் குழப்பம்தான். அதனால் அந்த இரண்டில் அதிகம் நின்று, மற்றதை வேகமாகக் கடக்கலாம்.

1. வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1 முதல் 4 பேர் ஆடலாம். பெட்டியில் போட்டிருக்கும் நேரம் தலைக்கு 30 நிமிடம். பழகியவர்களுக்கு அது சரி. நான்கு புதியவர்கள் உட்கார்ந்தால் விளக்கம் சேர்த்து நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் முறைக்கு இரண்டு பேர்தான் உகந்த எண்ணிக்கை.

வெளிவந்தபோது அமெரிக்காவில் இதன் பட்டியல் விலை சுமார் 100 டாலராக இருந்தது. பெட்டியின் எடை மூன்று கிலோவைத் தாண்டும், தடிமனும் அதிகம். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் ஆட்டத்தின் விலையை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள். அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்த மொத்தத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பிரதி மலிவாகக் கிடைத்தால் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். முதலாவது மொழி. ‘ஐன் ஃபெஸ்ட் ஃபூர் ஓடின்’ என்று அட்டையில் இருந்தால் அது ஜெர்மன் பதிப்பு. பலகைகளெல்லாம் படக்குறிகள்தான், அதனால் சிக்கல் இல்லை. ஆனால் தொழில் சீட்டுகள் முழுக்க எழுத்து. இரண்டாவது எண்ணிக்கை. நான்கு நிறத்தில் நிறத்துக்கு 12 ஆக 48 மர வைக்கிங்குகள், 190 தொழில் சீட்டுகள், இருபுறமும் அச்சிட்ட 4 தீவுப் பலகைகள், 8 முகப் பகடை ஒன்று, 12 முகப் பகடை ஒன்று. பகடை தொலைந்திருந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். சரக்கு அட்டைகள் தொலைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

2. பெட்டி திறந்த அன்று ஆடாதீர்கள்

சரக்கு அட்டைகளே முந்நூறுக்கு மேல். தகட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க ஒரு மணி நேரம் ஆகும். அன்றைக்கே ஆட்டமும் என்றால், பாதியில் எல்லோரும் கொட்டாவி விடுவார்கள்.

பிரித்ததும் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு மூடித் தட்டுகளில் அடுக்குங்கள். அடுக்கும் விதத்தில்தான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். ஒரே அட்டையின் ஒரு பக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் சிவப்பு. இன்னொரு வகையில் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் நீலம். ஆக, பட்டாணிக்கும் மீடு என்னும் தேன் மதுவுக்கும் ஒரே குழி, எண்ணெய்க்கும் ரூன் கல்லுக்கும் (பழைய வடஐரோப்பிய எழுத்து பொறித்த கல்) ஒரே குழி. பட்டாணிக்குழிக்குப் பக்கத்திலேயே எண்ணெய்க்குழி இருக்கட்டும். ஏன் என்று ஆறாவது தலைப்பில் தெரியும்.

பெட்டியில் விதிப்புத்தகம், பஞ்சாங்கம் போன்ற ஒரு புத்தகம், தொழில் சீட்டுகளை விளக்கும் பின்னிணைப்பு என்று மூன்று இருக்கும். ஆடுவதற்கு முன் படிக்க வேண்டியது விதிப்புத்தகம் மட்டும். பஞ்சாங்கம் வைக்கிங் வாழ்க்கை பற்றிய சுவையான வாசிப்பு, அவசரமில்லை. பின்னிணைப்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள், சீட்டில் சந்தேகம் வரும்போது புரட்டலாம்.

3. மேசை

நடுவில் செயல் பலகை, அதைச் சுற்றி ஆளுக்கொரு வீட்டுப் பலகை, சரக்குத் தட்டுகள், தீவுகள், மலைப் பட்டைகள் (மரக்கட்டை, கல், தாது எடுக்கும் நீளமான அட்டைகள்). இது தொடக்கம்தான். ஆட்டம் போகப்போக ஒவ்வொருவர் பக்கத்திலும் தீவும் வீடும் சேரும். நான்கு பேருக்குச் சாதாரண சாப்பாட்டு மேசை திணறும். தட்டுகளைப் பக்கத்து நாற்காலியில் வைத்து ஒருவரைக் ‘கடைக்காரர்’ ஆக்கிவிடுங்கள். தரையில் பாய் விரித்து ஆடுவதும் நன்றாகவே இருக்கும், மின்விசிறியை மட்டும் குறைத்துவிடுங்கள்.

தொழில் சீட்டுகள் ஏ, பி, சி என்று மூன்று கட்டு. மூன்றையும் கலக்காமல் ஒரு கட்டை மட்டும் எடுங்கள். தொடக்கத் தொழில் சீட்டு ஆளுக்கு ஒன்று.

4. ஒரு சுற்றில் 12 படிகள்

நீண்ட ஆட்டம் 7 சுற்று, குறுகிய ஆட்டம் 6 சுற்று. ஒவ்வொரு சுற்றும் இந்த வரிசையில் ஓடும்:

1) புது வைக்கிங் ஒருவர் சேருவார். 2) அறுவடை. 3) தீவுப் பலகைகளைப் பார்த்துத் திருப்புவது. 4) ஆளுக்கு ஓர் ஆயுதச் சீட்டு. 5) செயல்கள். 6) அடுத்த சுற்றை யார் தொடங்குவது. 7) வருமானம். 8) ஆடுமாடு பெருகுவது. 9) விருந்து. 10) போனஸ். 11) மலைப் பட்டைகளைப் புதுப்பிப்பது. 12) ஆட்களைத் திரும்ப எடுத்துக்கொள்வது.

ஆட்டம் முழுக்க ஐந்தாவது படிதான். மற்றவை மொத்தமாக ஐந்து நிமிடம். ஆனால் 7, 9, 10 ஆகிய மூன்றின் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வருமானமாக வரும் வெள்ளிக் காசு விருந்துக்கு முன்னால் கைக்கு வருகிறது, அதை விருந்து மேசையில் வைக்கலாம். போனஸ் விருந்துக்குப் பின்னால் வருகிறது. போனஸாக மீடு கிடைக்கும் என்று எண்ணி அந்தச் சுற்றின் விருந்தில் ஓர் இடத்தைக் காலியாக வைத்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள், அந்த மீடு அடுத்த விருந்துக்குத்தான்.

அறுவடை எல்லாச் சுற்றிலும் வராது. சுற்றுப் பலகையில் படம் இருந்தால் மட்டுமே உண்டு, எல்லோருக்கும் ஒரே விளைச்சல்.

5. ஆட்களைச் செலவிடுவது

உங்கள் மர வைக்கிங்குகள்தான் ஆட்கள். நீண்ட ஆட்டத்தில் முதல் சுற்றுக்கு 6 ஆட்கள், ஏழாவது சுற்றுக்கு 12. செயல் பலகையில் அறுபதுக்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. முதலில் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டாதீர்கள். நெடுக்கு வரிசை நான்கு என்று மட்டும் சொல்லுங்கள்: முதல் வரிசையில் ஓர் ஆள் வைக்க வேண்டும், இரண்டாவதில் இரண்டு பேர், மூன்றாவதில் மூன்று பேர், நான்காவதில் நான்கு பேர். மூன்றாவது வரிசையில் வைத்தால் ஒரு தொழில் சீட்டு எடுக்கலாம். நான்காவதில் வைத்தால் கையிலிருக்கும் ஒரு தொழில் சீட்டை இறக்கலாம். சீட்டை எடுத்த உடனே இறக்கிவிடும் தவறு முதல் ஆட்டத்தில் அநேகமாக நடக்கும், கவனியுங்கள்.

ஒருவர் வைத்த இடம் அந்தச் சுற்றில் மற்றவருக்கு இல்லை. கடைசியாக ஆள் வைத்தவர்தான் அடுத்த சுற்றைத் தொடங்குவார். அடுத்த சுற்றில் உங்களுக்கு ஓர் இடம் கட்டாயம் வேண்டும் என்றால், ஓர் ஆள் இடங்களுக்காக இரண்டு மூன்று பேரைக் கடைசிவரை பிடித்து வையுங்கள்.

6. சரக்கின் நான்கு நிறங்கள்

ஆரஞ்சு, சிவப்பு, பச்சை, நீலம். ஏறுவரிசை இதுதான். பட்டாணி ஒரு படி ஏறினால் மீடு, அடுத்து எண்ணெய், அடுத்து ரூன் கல். ஆளிவிதை ஏறினால் கருவாடு, பிறகு தோல், பிறகு வெள்ளிப் பாத்திரம். (நம்மூர்க் கருவாடு அல்ல. வடகடலில் காட் மீனை உப்பே போடாமல் குளிர்காற்றில் உலர்த்துவார்கள், கட்டைபோல இருக்கும்.)

ஆரஞ்சிலிருந்து சிவப்புக்கு அட்டையைப் புரட்டினால் போதும். பச்சையிலிருந்து நீலத்துக்கும் அப்படியே. சிவப்பிலிருந்து பச்சைக்குப் போகும்போது மட்டும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே அளவுள்ள பச்சை அட்டையை எடுக்க வேண்டும். பட்டாணிக்குழியும் எண்ணெய்க்குழியும் பக்கத்தில் இருக்கச் சொன்னது இதற்குத்தான்.

ஆரஞ்சும் சிவப்பும் சாப்பாடு. பச்சையும் நீலமும் பலகையில் அடுக்குவதற்கு. இதைச் சொல்லிவிட்டால் பாதி விளக்கம் முடிந்தது.

7. வீட்டுப் பலகை

ஆட்டம் தொடங்கும்போதே உங்கள் பலகையில் 86 புள்ளி கடன் இருக்கிறது. மூடாத ஒவ்வொரு கட்டமும் மைனஸ் 1. மூட மூடக் கடன் குறையும்.

இங்கே வைக்கக்கூடியவை பச்சை, நீலம், இரும்புத் தாது, வெள்ளிக் காசு. ஆரஞ்சு, சிவப்பு கூடாது. பச்சையும் பச்சையும் விளிம்போடு விளிம்பு தொடக்கூடாது. மூலையோடு மூலை தொடலாம். நீலம் எதை ஒட்டியும் இருக்கலாம். நீலத்தின் மதிப்பே இதுதான்: இரண்டு பச்சைக்கு நடுவில் செருக உதவும். தாதுவும் வெள்ளியும் ஒரு கட்ட அளவு, எந்தப் பொத்தலையும் அடைக்கும்.

வைத்ததை நகர்த்த முடியாது, எடுக்கவும் முடியாது. வைத்த வெள்ளி போனதுதான்.

இப்போது வருமானம். கீழ் இடது மூலையிலிருந்து மேல்நோக்கிச் சாய்வாக எண்கள் ஏறிக்கொண்டே போகும். மூடாமல் இருக்கும் எண்களில் மிகச் சிறியது எதுவோ அதுதான் அந்தச் சுற்றின் வருமானம். ஓர் எண்ணை மூட வேண்டுமானால் அதற்கு இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் உள்ள கட்டங்கள் முழுக்க மூடியிருக்க வேண்டும். எல்லோரும் வழுக்குவது இங்கேதான். பெரிய அட்டை ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் மூலையிலிருந்து இரண்டு கட்டம் தள்ளி வைத்துவிடுவார்கள். நடுவில் ஒரு கட்டம் பொத்தலாக நிற்கும். அந்த ஒரு கட்டத்தால் வருமானம் மேலே ஏறாமல் நின்றுவிடும். அடைக்கத் தாதுவும் இல்லை, வெள்ளியும் இல்லை என்றால் இரண்டு சுற்று வீண்.

ஆகவே முதல் இரண்டு சுற்றுகளில் மலையிலிருந்து எடுக்கும் தாதுவில் ஒன்றிரண்டை இருப்பில் வையுங்கள். மூலையில் நீலம் அல்லது சிறிய பச்சை, அதன் அருகே அடுத்த நிறம், நடுவில் வரும் பொத்தலுக்குத் தாது. இப்படி மூலையிலிருந்து ஊர்ந்து வாருங்கள்.

சில கட்டங்களில் மீடு, எண்ணெய் போன்ற படங்கள் அச்சாகியிருக்கும். அந்தப் படத்தைச் சுற்றியுள்ள 8 கட்டங்களும் மூடினால் ஒவ்வொரு சுற்றிலும் பத்தாவது படியில் அந்தப் பொருள் உங்களுக்கு. படத்தின்மேல் எதையும் வைத்துவிடாதீர்கள். ஏழு சுற்று ஆட்டத்தில் மூன்றாவது சுற்றிலேயே ஒரு போனஸைத் திறந்தால் அந்தப் பொருள் ஐந்து முறை வரும். ஆறாவது சுற்றில் திறந்தால் இரண்டே முறை. வருமானத்துக்கும் இதே கணக்குத்தான். அடுக்குவதைத் தள்ளிப்போடாதீர்கள், ஏழாவது படிக்கு முன்னால் அடுக்கி முடியுங்கள்.

கடைசிச் சுற்றில் இன்னொரு கணக்கு. கையில் மிச்சமிருக்கும் வெள்ளி காசுக்கு 1 புள்ளி. அதைக் காலிக் கட்டத்தில் வைத்தாலும் 1 புள்ளிதான் மிச்சமாகும். வருமானமோ போனஸோ உயராவிட்டால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. தாதுவுக்குக் கையில் இருந்தால் புள்ளியே கிடையாது. கடைசித் துண்டுவரை பலகையில் இறக்கிவிடுங்கள்.

8. விருந்து

ஒவ்வொரு சுற்றிலும் விருந்து மேசையிலிருந்து ஒரு வைக்கிங் எழுந்து போகிறார், மேசையில் நிரப்ப வேண்டிய இடம் கூடுகிறது. அந்த வரிசையை ஆரஞ்சு, சிவப்பு, வெள்ளி கொண்டு நிரப்ப வேண்டும். பச்சையும் நீலமும் சாப்பிட முடியாது.

ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு கூடாது, சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பு கூடாது. மாற்றி மாற்றி வரட்டும், அல்லது நடுவில் ஒரு வெள்ளி. ஒவ்வொரு வகையிலும் ஓர் அட்டையை மட்டுமே நீளவாக்கில் படுக்க வைக்கலாம். அதே வகையில் இரண்டாவது இருந்தால் நெட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும், அது குறைந்த இடத்தைத்தான் மூடும். நான்கு கருவாடு கையில் இருந்தும் மேசை நிறையாமல் திண்டாடுவது இதனால்தான். ஒரே சாப்பாட்டைக் குவிப்பதைவிட நான்கு வகையில் ஒவ்வொன்று இருப்பது மேல்.

நிரம்பாத ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தண்டனை வில்லை, ஆட்ட முடிவில் அதன் விலை மைனஸ் 3. ஒரு வெள்ளி வைத்தால் இழப்பது 1 புள்ளி. எனவே வெள்ளி இருக்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். செயல்களில் கடைசி இரண்டு ஆட்கள் மிஞ்சும்போதே மேசையை ஒருமுறை ஒப்புக்கு அடுக்கிப் பார்த்துவிடுங்கள்.

9. பகடை உருட்டும் செயல்கள்

வேட்டைக்கு 8 முகப் பகடை, திமிங்கிலத்துக்கு 12 முகப் பகடை. இரண்டிலும் எண் சிறிதாக விழுவதே நல்லது. மூன்று முறைவரை உருட்டலாம். ஒருமுறை விழுந்ததை ஏற்காமல் மறுபடி உருட்டினால் பழைய எண் போய்விடும். விழுந்த எண்ணை ஆயுதச் சீட்டும் மரக்கட்டையும் கொடுத்துப் பூஜ்ஜியத்துக்கு இறக்க வேண்டும். திமிங்கில வேட்டையில் படகும் அதில் ஏற்றிய தாதுவும் கூடக் கைகொடுக்கும். கொள்ளையடிக்கும் இடங்களில் நேர்மாறு, பெரிய எண் வேண்டும்.

தோற்றாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள். அந்த வகை ஆயுதம் ஒன்றும், கட்டையோ கல்லோ ஒன்றும் கிடைக்கும். பல ஆட்களை வைத்திருந்தால் சிலர் திரும்பியும் வருவார்கள். ஆகையால் கையில் போதிய ஆட்கள் இருக்கும்போது, சுற்றின் தொடக்கத்திலேயே வேட்டைக்குப் போங்கள். கடைசி ஆட்களை வைத்துப் பகடை உருட்டினால் தோல்வி வலிக்கும்.

10. கப்பல்களும் குடிபெயர்வும்

திமிங்கிலப் படகு, நார் என்னும் வணிகக் கப்பல், நீள்கப்பல் என்று மூன்று. படகு மூன்றுவரை, பெரிய கப்பல்கள் நான்குவரை நிறுத்தத் துறைமுகம் உண்டு. புள்ளி முறையே 3, 5, 8. வணிகக் கப்பல் இருந்தால் பச்சைச் சரக்குகள் பலவற்றை ஒரே செயலில் நீலமாக்கும் இடம் திறக்கும்.

குடிபெயர்வைப் பலரும் முதல் ஆட்டத்தில் தொடுவதே இல்லை. பெரிய கப்பல் ஒன்றை விருந்து மேசைக்கு அனுப்புவது அது. கட்டணம் எத்தனையாவது சுற்றோ அத்தனை வெள்ளி. வணிகக் கப்பலின் 5 புள்ளி 18 ஆகும், நீள்கப்பலின் 8 புள்ளி 21 ஆகும். மூன்றாவது சுற்றில் அனுப்பினால் 13 புள்ளி கூடி 3 வெள்ளி போகும், நிகரம் 10. அதோடு மேசையில் அந்தக் கப்பல் நிரந்தரமாக இடத்தை அடைத்துக்கொள்வதால் மிச்சமுள்ள எல்லா விருந்துக்கும் சாப்பாடு குறைவாகவே வேண்டும், துறைமுகத்திலும் இடம் காலியாகும். ஒரு கப்பலாவது சீக்கிரம் அனுப்புங்கள்.

ஷெட்லாந்து, ஃபாரோ, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து முதலிய தீவுகளுக்குத் தனித்தனிப் புள்ளி. யாரும் எடுக்காத தீவின்மேல் வெள்ளி சேரும். எடுத்ததும் அதன் காலிக் கட்டங்களும் உங்கள் கடனில் சேர்ந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். வீடுகளும் அப்படியே: குடிசை 8, கல்வீடு 10, நெடுவீடு 17 என்று புள்ளி கவர்ச்சியாக இருக்கும், உள்ளே நிரப்பச் சரக்கு இல்லாவிட்டால் கழிவும் சேர்ந்து வரும். மிஞ்சிப்போன சாப்பாட்டைக் கல்வீட்டுக்குள்ளும் நெடுவீட்டுக்குள்ளும் வைக்கலாம், அது ஒரு நல்ல போக்கிடம்.

11. கணக்கு முடிப்பது

புள்ளித்தாளில் வரிசையாகக் கூட்டுங்கள்: கப்பல், குடிபெயர்ந்தவை, தீவு, வீடு, ஆடுமாடு, தொழில், வெள்ளி, கடைசி வருமானம், இங்கிலாந்து கிரீடம் என்னும் சிறப்பு அட்டை இருந்தால் அதுவும். பிறகு கழிவு: வீட்டுப் பலகை, தீவு, வீடு ஆகியவற்றின் காலிக் கட்டங்கள், விருந்துத் தண்டனை. வீட்டுப் பலகையை மட்டும் கழித்துவிட்டுத் தீவுகளின் கழிவை விட்டுவிடுவது சகஜம். முதல் ஆட்டத்தில் 50, 60 வந்தாலே பரவாயில்லை. நூறைத் தாண்டினால் ஆட்டம் கைவந்துவிட்டது.

12. தனியாக ஆடிப் பழக

நண்பர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முன் ஒருமுறை தனியாக ஆடுங்கள். இரண்டு நிற ஆட்களைச் சுற்றுக்கு ஒன்றாக மாற்றிப் பயன்படுத்த வேண்டும். போன சுற்றில் வைத்தவர்கள் அப்படியே நின்று இந்தச் சுற்றில் உங்களை மறிப்பார்கள். சென்ற சுற்றில் பிடித்த இடத்தை இந்தச் சுற்றில் பிடிக்க முடியாததால் பலகையின் மற்ற மூலைகளும் தானாகவே பழக்கமாகும்.

2018ல் வந்த ‘தி நார்வேஜியன்ஸ்’ சேர்க்கை பன்றியும் குதிரையும் கொண்டுவருகிறது, செயல் பலகையையும் மாற்றுகிறது. நல்ல சேர்க்கைதான். மூல ஆட்டம் ஐந்தாறு முறை ஆடிய பிறகு வாங்கினால் போதும்.